நாவற்பழச் சாறு ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: எங்கள் மகளிர் சங்கத்தில் நாவற்பழத் தோலைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணிநேரம் அவித்துச் சாறு எடுத்தோம். முதலில் கடும் ஊதாவாக இருந்த சாறு, நீலம் பாய்ந்து, இறுதியில் பழுப்பாகிவிட்டது. அதிலிருந்த ஒட்சியேற்ற எதிரிகள் (உடற்கலங்களைப் பாதிக்கும் ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை) அழிந்துவிட்டனவா? ஆய்வுகூடங்களில் செய்வதுபோல நாங்களும் எதனோல் என்னும் மதுசாரத்தைப் பயன்படுத்தலாமா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அந்த எதிரிகளில், ஊதா நிறத்தைத் தரும் அந்தோசயனின்கள் பெருமளவு அழிந்துவிட்டன, துவர்ப்பைத் தரும் தனின்கள் ஓரளவு எஞ்சியிருக்கும். அந்தோசயனின் புளிப்பில் சிவந்து நிலைத்து நிற்கும். காரத்தன்மை ஏறினால் நீலமாகி விரைவில் சிதையும். வன்னியின் பல கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்பு உப்புகள் கலந்த வன்னீர். அதைக் கொதிக்க வைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுவதால் காரத்தன்மை மேலும் கூடுகிறது. கேத்தலின் அடியில் ஒட்டும் வெண்படிவும் அதே மாற்றத்தின் விளைவுதான். நீண்ட நேரச் சூடும் இதனுடன் சேர்ந்துகொள்ள, தங்கள் சாறு நிறமிழந்தது.

ஆகவே தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, படிவு அடங்கியபின் தெளிவை மட்டும் வடித்தெடுங்கள். லீற்றருக்கு இரண்டு மூன்று தேசிக்காய்களின் புளியை அதில் விட்டு, 50 பாகை செல்சியசுக்கு மேற்படாத சூட்டில் தோலை அரை மணிநேரம் ஊறவைத்தால் போதும். தோல் ஊற ஊறச் சாறு செந்நிறமாவதைக் கண்ணால் காண்பீர்கள். இரும்புச் சட்டி கூடாது, ஏனெனில் தனின் இரும்புடன் சேர்ந்து சாற்றைக் கறுப்பாக்கும். எவர்சில்வர் அல்லது மண்பாத்திரமே நல்லது. வடித்த சாற்றை வெளிச்சம் படாத போத்தலில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்துங்கள்.

ஆய்வுகூடத்தில் தண்ணீரும் எதனோலும் கலந்த கரைப்பானையே பெரும்பாலும் விரும்புவார்கள்; தண்ணீர் கலச்சுவரை ஊதச்செய்ய, எதனோல் கலமென்சவ்வைக் குலைத்து, தண்ணீரில் எளிதில் கரையாத சேர்வைகளையும் வெளியே கொண்டுவருகிறது. பின்னர் அமுக்கத்தைக் குறைத்து, தாழ்ந்த வெப்பநிலையில் எதனோலை ஆவியாக்கி அகற்றுவார்கள். அந்த வசதி இல்லாத அடுப்படியில் அதன் ஆவி தீப்பற்றும் என்பதால் தயவுசெய்து முயலாதீர்கள். இன்னொரு மதுசாரமான மெதனோலோ கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு.

சாற்றின் வலுவை அறிய டிபிபிஎச் என்னும் ஊதாக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். ஒட்சியேற்ற எதிரி சேரச்சேர அது மஞ்சளாகும். 517 நனோமீற்றர் ஒளியை அது உறிஞ்சுவது எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இது குறித்து விசாரித்துப் பாருங்கள். ஆனால் சோதனைக்குழாயில் கிடைக்கும் அளவு உடலில் என்ன நடக்கும் என்பதைக் காட்டாது. ஆகவே போத்தலில் “நீரிழிவு மருந்து” என்று எழுதாமல் “நாவற்பழச் சாறு” என்றே எழுதுங்கள்.