கினிப்பன்றிக்கு ஒரு கொய்யாத் துண்டு: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக மூன்று மாதங்களுக்கு முன் இரண்டு கினிப்பன்றிகளை வாங்கினோம். கடைக்காரர் சொன்னபடி முயல் தீவனமும் கேரட்டும் மட்டுமே கொடுத்து வருகிறோம். ஒரு வாரமாக ஒன்று பின்னங்காலை இழுத்து நடக்கிறது, தூக்கினால் கத்துகிறது, நேற்றிலிருந்து சரியாக உண்ணவும் இல்லை. என்ன காரணம்?
– வாசகி, திருச்சி

பதில்: இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கினிப்பன்றி ஒருநாள் உண்ணாமல் கிடந்தாலே அதன் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். அது உயிருக்கு ஆபத்தானது.

நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எலி, முயல், நாய் போன்ற பெரும்பாலான விலங்குகள் இந்த வைட்டமினைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. மனிதர்களைப் போலவே கினிப்பன்றியாலும் அது முடியாது. 1907-இல் நார்வே ஆய்வாளர்களான ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் இருவரும் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு இந்நோய் வந்ததைக் கண்டறிந்தனர். நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த இச்செய்தி விற்பவர்களை இன்னும் எட்டவில்லை என்பது எனக்கு அலுக்காத வருத்தம். முயலுக்கு அந்தத் தேவை இல்லாததால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. குறைபாடு முற்றும்போது மூட்டுகளிலும் ஈறுகளிலும் இரத்தம் கசிகிறது. தூக்கினால் கத்துவதும் உணவை மென்று தின்னத் தயங்குவதும் அந்த வலியால்தான்.

நலமாக உள்ள கினிப்பன்றிக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. 100 கிராம் கேரட்டில் இருப்பதோ சுமார் 6 மில்லிகிராம்தான். அதே அளவு கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. எனவே கட்டைவிரல் நுனி அளவுக் கொய்யாத் துண்டு ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். சர்க்கரை உள்ள பழம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை என்று மாற்றிக் கொடுக்கலாம். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சி சொட்டு மருந்தை நம்பாதீர்கள். வெளிச்சம் பட்டால் அதன் வீரியம் குறையும், சுவை மாறினால் பிராணி தண்ணீரையே குடிக்காமல் விடும். இவை யாவும் துணை உணவுகளே. முதன்மை உணவு புல்தான். வாழ்நாள் முழுவதும் வளரும் பற்கள் தேய்வதற்குப் புல்லை நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். பூச்சிமருந்து படாத அருகம்புல் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை: குழந்தைகளுக்கென வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் மருந்தைத் தப்பித்தவறியும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, கினிப்பன்றி இறந்துபோகக்கூடும். இரண்டும் ஆணும் பெண்ணுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கருவை ஏழெட்டு மாத வயதுக்குப் பின் சுமக்கும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரிந்துகொடுக்காமல் பிரசவம் சிக்கலாகிவிடுவது உண்டு.

கேள்வி: ஒரே கூண்டில் வளரும் இரண்டு சிரிய ஹாம்ஸ்டர்கள் இரவெல்லாம் சண்டையிட்டு ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. பழகிவிடுமா?
– வாசகர், கோவை

பதில்: பழகாது. சிரிய ஹாம்ஸ்டர் தனித்து வாழும் பிராணி. குட்டியாக இருக்கும்போது ஒன்றாக உறங்கியவைகூட ஏறத்தாழ இரண்டு மாத வயதில் எதிரிகளாகிவிடும். இன்றைக்கே வேறு கூண்டு வாங்கிப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு வந்த நட்சத்திர ஆமையைப் பத்து நாட்களாக வீட்டில் வைத்திருக்கிறோம். வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்கிறார்கள். சோறும் பாலும் கொடுக்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்ன ஊரிலேயே அதே ஆமை செல்வம் தரும் என்ற நம்பிக்கையும் பரவியிருப்பது வேடிக்கைதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், நட்சத்திர ஆமை, மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் உயிரினங்களுக்கான முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வைத்திருப்பது குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் ஆகும்.

சோறும் வேண்டாம், பாலும் வேண்டாம். புல்லும் இலையும் தின்று வாழும் அதன் குடலுக்குப் பால் ஒவ்வாது. சோற்றில் ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கு இன்றே தகவல் கொடுத்து, ஆமை எப்போது, எந்த இடத்தில் கிடைத்தது என்பதை உள்ளபடி எழுதித் தாருங்கள். அது எந்தப் புதர்க்காட்டிலிருந்து வந்ததோ அதன் அருகிலேயே திரும்ப விடுவதற்கு அந்தக் குறிப்பு உதவும். இரக்கப்பட்டு நீங்களாகவே வேறெங்காவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வீட்டில் தொற்றிய நோய் ஏதேனும் இருந்தால், அங்குள்ள ஆமைகளுக்கும் அது பரவிவிடும். வனத்துறையினர் வரும்வரை காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலான இடத்தில் வைத்திருந்தால் போதும்.