நடவுப் பாட்டுக்குக் கீபோர்டு எதற்கு?

கேள்வி: மகளிர் சுய உதவிக் குழுவில் பழகிய நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் பாடுகிறோம். பொங்கல் விழாவில் மேடை ஏறினோம். வயலில் பாடும்போது இருந்த களை மேடையில் இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கீபோர்டு வைத்தால் சரியாகுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: களை போனது மேடையில் மட்டுமா? வயலுக்குக் களைக்கொல்லி வந்தது, களையெடுப்புப் பாட்டு போயே போய்விட்டது. சரி, கீபோர்டை அப்புறம் பார்க்கலாம். மேடையில் எப்படி நின்றீர்கள்? ஒரே வரிசையில், மைக்கைப் பார்த்துக்கொண்டு, முதல் அடியிலிருந்தே பதினான்கு பேரும் சேர்ந்து பாடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடவுப் பாட்டு அப்படி நடக்காது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், அந்த இடைவெளியில்தான் அவள் மூச்சு வாங்குவாள், அடுத்த அடியைக் கட்டுவாள், வரப்பில் குடை பிடித்து நிற்கிறவருக்கு ஒரு குத்தலையும் சேர்த்துக் கட்டுவாள். இடது கையில் நாற்றுமுடி, குனிந்தபடியே பின்னால் நகர்கிற கால், வலது கை விரல் சேற்றில் இறங்குகிற நேரம், இதுதான் அதற்குத் தாளம். ஏற்றப் பாட்டும் இதே கதைதான், எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டுக்குள் எண்ணாக வரும், மோட்டார் வந்ததும் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேலையை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் மேடைக்குக் கொண்டுபோனால் அது தள்ளாடத்தான் செய்யும்.

அதனால் அரைவட்டமாக நில்லுங்கள். எடுத்துக் கொடுக்க இரண்டு பேர், மாற்றி மாற்றி. காலை அசைத்துக்கொண்டே பாடுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆரம்பத்திலும் முடிவிலும் குலவை போடுங்கள், அதை ஒலிபெருக்கிக்காரர் குறைக்கச் சொன்னாலும் குறைக்காதீர்கள். சுருதியை எடுத்துக் கொடுக்கிறவள் தொண்டைக்கு விட்டுவிடுங்கள். கீபோர்டு வந்தால் எல்லாரும் அதன் பின்னால்தான் ஓட வேண்டியிருக்கும், அன்றைக்கு நினைத்ததை அன்றைக்கே கட்டிப் பாடுவது அதோடு நின்றுவிடும். கும்மிக்கு உங்கள் கையே போதும்.

கேள்வி: நாட்டுப்புறப் பாட்டுக்கு உரிமை யாரிடம் இருக்கிறது? சினிமாவில் வந்த மெட்டிலேயே பாடலாமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கட்டியவர் யாரென்றே தெரியாமல் வழிவழியாக வந்த பாட்டுக்கு யாரும் தனி உரிமை கேட்க முடியாது. சினிமா மெட்டு அப்படி இல்லை, அது இசையமைப்பாளர் செய்தது. ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு காப்புரிமையும் உண்டு. பாட்டியிடம் கேட்டுப் படித்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் யாரிடம் படித்தோம் என்று எழுதி வையுங்கள். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை 1964-இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும். நீங்கள் உங்களுக்குப் பாடிக் காட்டியவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அந்தப் பெயரை உரக்கச் சொல்லுங்கள், முடிந்தால் முதல் வரிசையில் உட்காரவும் வையுங்கள்.

கேள்வி: சர்ச் கொயர் மாதிரி நான்கு குரலாகப் பிரித்துக் கிராமத்துப் பாட்டைப் பாடினால் தப்பா?
- பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: தப்பே இல்லை. தமிழ்ப் பாட்டைச் சேர்ந்திசையாகப் பாட முடியும் என்று எம். பி. சீனிவாசன் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் வைத்துக் காட்டினார். சினிமாவுக்கு இசையமைத்தவர், ஆனால் 1988-இல் சேர்ந்திசை வேலையாக லட்சத்தீவுக்குப் போன இடத்தில்தான் இறந்தார் என்றால் அவருக்கு இதில் எவ்வளவு ஈடுபாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள், தாலாட்டை நான்காகப் பிரித்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும். கும்மியும் தெம்மாங்கும் தாங்கும்.

கேள்வி: ஒப்பாரி சொல்லிக் கொடுங்கள் என்று எங்கள் அப்பத்தாவிடம் கேட்டால் திட்டுகிறார். என்ன செய்ய?
- வாசகர், சிவகங்கை

பதில்: சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது பல ஊரில் வழக்கம். அப்பத்தா திட்டாமல் என்ன செய்வார்? தோப்புக்கோ ஆற்றங்கரைக்கோ கூட்டிப் போய், வெற்றிலைச் செல்லத்தையும் எடுத்துக்கொண்டு, முதலில் வேறு பாட்டு கேளுங்கள். ஒப்பாரியை அவராக ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்காதீர்கள். அழுதுவிட்டால் போனில் பதிவதையும் நிறுத்திவிடுங்கள்.