சாதாரண காந்தாரத்துக்கு எத்தனை பெயர்?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வைத்துச் சரளி வரிசையும் தேவாரமும் சொல்லித்தருகிறேன். சுரங்களின் அளவை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள் ஒன்று கிடைத்தது. உள்ளே போனால் 22 சுருதி, 31 இடிஓ, நியூட்ரல் தேர்ட், 7/6, 5 எல் 2 எஸ் என்று ஏகப்பட்ட பெயர்கள். இதில் நம் சாதாரண காந்தாரம் எது? பிள்ளைகளின் தாளில் எந்தப் பெயரை எழுதுவது?”

பிள்ளைகளின் தாளில் ‘க2’ என்று எழுதுங்கள், போதும். மற்ற பெயர்களெல்லாம் உங்களுக்குத்தான். அதுவும் மென்பொருளோடு மல்லுக்கட்டும்போது மட்டும்.

அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே வகைப் பெயர்கள் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சில பெயர்கள் சுரம் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்கின்றன. சில, ஸ-விலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கின்றன. சில, எந்த விகிதத்தில் பிறந்தது என்று. ஒரே ஆளை ‘மூத்த மகன்’ என்றும், ‘ஐந்தே முக்கால் அடி’ என்றும், ‘டொங்காட் ஊர்க்காரர்’ என்றும் சொல்வதில்லையா, அதுபோல. ஐந்தே முக்கால் அடி இருப்பவரெல்லாம் மூத்த மகன் ஆகிவிட மாட்டார்.

சாதாரண காந்தாரம் என்பது படியின் பெயர். கர்நாடக இசையில் சுரத்தானம் பன்னிரண்டு, பெயர் பதினாறு. அதே கட்டை காந்தாரமாக இல்லாமல் ரிஷபமாக வந்தால் ஷட்சுருதி ரிஷபம் ஆகிறது. ஒலி ஒன்று, வேலை வேறு. நியூட்ரல் தேர்ட் என்பதும் படியின் பெயர்போலத் தெரியும். உண்மையில் அது தூரத்தின் பெயர். சாதாரணத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் (க3) நடுவே, சுமார் 350 சென்ட்டில் இருப்பது.

சென்ட் என்ற அளவை 1885-ல் பரப்பியவர் அலெக்சாண்டர் எல்லிஸ். ஸ-விலிருந்து மேல் ஸ வரை 1200. பியானோவில் கட்டைக்குக் கட்டை 100. இந்தக் கோலால் அளந்தால் பியானோவின் க2 சரியாக 300. 6/5 விகிதத்தில் பிறந்தால் 316. ஸ-விலிருந்து ப வரையுள்ள தூரத்தைக் கீழ்நோக்கி மூன்று முறை அடுக்கி எடுத்தால் 32/27, அதாவது 294. இந்த மூன்றையும் க2 என்று தாராளமாக அழைக்கலாம். 7/6 என்பது 267. நம் க2-வுக்கு ரொம்பத் தாழ்வு, விட்டுவிடுங்கள். தோடியின் காந்தாரமோ எந்த எண்ணிலும் நிற்காது. அது அசைவில்தான் இருக்கிறது, அதற்குக் கீபோர்டில் எண் தேடிப் பயனில்லை.

விகிதத்துக்கு ஏன் தனிப் பெயர் என்று நீங்கள் கேட்கலாம். இதைக் காதால் கேட்டுவிடுங்கள். ஆர்கன் ஒலியை வைத்து, ஒரு கட்டை சுருதியில் (சி கட்டை ஸ) ஸ-வையும் க3-ஐயும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். சாதாரணக் கீபோர்டு அமைப்பில், அதாவது 400 சென்ட்டில், ஒரு நடுக்கம் கேட்கும். விநாடிக்குப் பத்து முறை ‘வ-வ-வ-வ’ என்று அலைக்கும். இப்போது க3-ஐ 5/4 என்று மாற்றுங்கள். அது 386 சென்ட். பதினான்கு சென்ட்தான் இறங்கியது, ஆனால் அலை நின்றுவிடும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் மந்திர ஸ தந்தியிலிருந்து தானாகவே ஒரு காந்தாரம் எழும்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது இந்த 5/4-தான், தந்தியின் ஐந்தாம் மடங்கு அதிர்வு. இளவரசி மகோகோ வாசித்த சூலு உகுபு வில்லிலும், கோசா மக்களின் உஹாடி வில்லிலும் இதே காந்தாரம் வரும். ஒற்றைத் தந்தியைக் குச்சியால் தட்டிக்கொண்டே, சுரைக்குடுக்கையின் வாயை மார்பில் ஒட்டியும் விலக்கியும் மடங்கு அதிர்வுகளைப் பொறுக்கி எடுப்பார்கள். நம் பக்கத்து ஊர் வில்லும் நம் தம்புராவும் ஒரே இடத்தில் சேர்வதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டினால் கேள்வியே வராது.

அடுத்து 22 சுருதி. இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று ஏழு சுரத்துக்கும் 22 மாத்திரை பிரித்த மரபு நம்முடையது. ஆனால் மென்பொருளில் ‘22’ என்று இருப்பது பல நேரம் ஆக்டேவை (ஸ முதல் மேல் ஸ வரை) இருபத்திரண்டு சமத் துண்டாக வெட்டியது. இடிஓ என்றால் அந்தச் சமவெட்டுதான். அப்படி வெட்டினால் பதின்மூன்றாம் துண்டில் வரும் ப 709 சென்ட். சுத்தமான ப 702. ஏழு சென்ட் ஏறிய ப-வை ஸ-வோடு பிடித்தால் விநாடிக்கு மூன்று முறை அலையடிக்கும். மென்பொருளின் சுர அளவுக் கோப்பைத் திறந்து பதின்மூன்றாவது சுரத்தின் வரியைப் பாருங்கள்: 3/2 அல்லது 701.955 இருந்தால் வைத்துக்கொள்ளலாம், 709.09 இருந்தால் மூடிவிடுங்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 22-ஐ மறுத்து 24 என்று வாதாடினார். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். 31 இடிஓ பரவாயில்லை. எட்டாம் துண்டு 310, பத்தாம் துண்டு 387, இரண்டு காந்தாரமும் இனிமையாகக் கிடைக்கும். ப மட்டும் ஐந்து சென்ட் தாழ்ந்திருக்கும்.

‘5 எல் 2 எஸ்’ சுரத்தின் பெயரே இல்லை. அது ஏணியின் வடிவம்: ஐந்து பெரிய படி, இரண்டு சிறிய படி. சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி ஆறும் இந்த ஒரே வடிவம்தான். ஸ-வை இடம் மாற்றினால் ஒன்றிலிருந்து ஒன்று வரும். கிரகபேதம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாயாமாளவகௌளை இதில் அடங்காது, அதன் படிகள் மூன்று அளவு. ஆக இந்தப் பெயர் குடும்பப் பெயர், ஆளின் பெயர் அல்ல.

நம் மேளப் பெயர்கள், அதாவது தாய் ராகப் பெயர்கள், வேறு மாதிரி கெட்டிக்காரத்தனம். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதிக் கணக்கில் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்குள் எண் ஒளிந்திருக்கும். மாயா என்றால் ம 5, ய 1, திருப்பினால் 15. தமிழில் எழுதும்போதுதான் வம்பு. கரகரப்பிரியாவின் முதல் ‘க’ வடமொழியில் இரண்டாம் ககரம், எண் 2. அதனால் மேளம் 22. தமிழ் எழுத்தைப் பார்த்து 1 என்று எடுத்தால் 21-ஆம் மேளத்தில், கீரவாணியில் போய் நிற்பீர்கள்! தேவாரத்தில் காந்தாரம் என்பது ஒரு பண், இப்போது நவரோசு ராகத்தில் பாடுகிறோம். அதையும் க-வையும் பிள்ளைகள் ஒன்றாக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடக் கொயரில் சோல்ஃபா (டோ, ரே, மி) பாடுகிற பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே ‘மா’ என்று எழுதி ‘மோ’ போலச் சொல்வது தாழ்ந்த மூன்றாம் சுரத்தை, அதாவது நம் க2-வை. நம் ம அங்கே ‘ஃபா’. முதல் வகுப்பிலேயே இதைப் பலகையில் எழுதிப்போட்டுவிடுங்கள்.

சரி, கோப்பை எப்படி எழுதுவது? சுர அளவுகளை மென்பொருளுக்குச் சொல்லும் ஸ்காலா வகைக் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்புதான். முதல் வரி விளக்கம், அடுத்தது சுர எண்ணிக்கை, பிறகு வரிக்கு ஒரு சுரம். ஸ-வை எழுத வேண்டாம். கடைசி வரி 2/1. புள்ளி இருந்தால் சென்ட், இல்லாவிட்டால் விகிதம். 386 என்று புள்ளியில்லாமல் எழுதினால் முந்நூற்று எண்பத்தாறு மடங்கு என்று எடுத்துக்கொள்ளும், 386.0 என்று எழுத வேண்டும். நான் முதன்முதலில் மாயாமாளவகௌளைக்கு ஏழு சுரம்தானே என்று ஏழு வரி மட்டும் எழுதினேன். ப கட்டையை அழுத்தினால் மேல் ஸ பாடியது. மென்பொருள் கறுப்பு வெள்ளை பார்க்காமல் கட்டைக்கு ஒரு வரியாக எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதனால் பன்னிரண்டும் எழுதுங்கள்: 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1.

மென்பொருள் பெரும்பாலும் சி கட்டையைத்தான் ஸ என்று வைத்திருக்கும். உங்கள் பிள்ளைகள் ஐந்தரைக் கட்டையில் பாடினால் ஸ-வை ஜி ஷார்ப்புக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த விகிதங்கள் எல்லாம் வேறு சுரத்தில் போய் உட்காரும். விளக்க வரியில் எந்தச் சுருதி, க2-வுக்கு எந்த விகிதம் என்று ரோமன் எழுத்தில் குறித்து வையுங்கள். தமிழ் எழுத்தைச் சில மென்பொருள்கள் படிக்காது.