ஹாக்கியில் எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற நாட்டில் கிரிக்கெட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

"எல்லாம் 1983 உலகக் கோப்பையால் வந்தது" என்பார்கள். பாதிதான் சரி.

பம்பாய் பார்சிகள் 1848-இலேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் தொடங்கிவிட்டார்கள். 1886-இல் இங்கிலாந்துக்கே போய் ஆடினார்கள். அவர்களைப் பார்த்து இந்துக்களும் முஸ்லிம்களும் அணி சேர்த்தார்கள். பம்பாயில் மதவாரியாக அணிகள் மோதிய போட்டிகளுக்குக் கூட்டம் அலைமோதியது. காந்தியே 1940-இல் இந்த மதவாரி ஆட்டத்தைக் கண்டித்தார் என்றால் மோகம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்! என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் உண்மையான நாயகன் பல்வங்கர் பாலு. தலித் குடும்பத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தவர்.

1932-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட். முதல் வெற்றிக்கு இருபது வருடம் காத்திருந்தோம். அது 1952-இல் நம்ம சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக வந்தது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார்.

அப்புறம்தான் 1983. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெறும் 183 ரன் அடித்துவிட்டு, வெஸ்ட் இண்டீஸை 140-க்குச் சுருட்டியது கபில்தேவ் படை. முந்தைய ஆண்டுதான் கலர் டிவி வந்திருந்தது. ஹாக்கியோ செயற்கைத் தரைக்கு மாறிவிட, புல்தரையில் பழகிய நம்மவர்கள் தடுமாறினார்கள். தொண்ணூறுகளில் தனியார் சேனல்கள் வந்து, ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கொட்டியது. அந்தப் பணம் ஹாக்கிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.