கோத்தகிரியில் மார்ஃபின் வைக்க என்ன வழி?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் வீடுவீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் தன்னார்வக் குழு நாங்கள். அவர்களின் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. நாங்களே வாங்கி வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஆனால் உங்கள் ஊர் மருத்துவமனை வைக்கலாம். அதை இணங்க வைக்கிற வேலை உங்களுடையது.

1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, மார்ஃபின் வைக்கப் பல உரிமங்கள் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். வலித்தணிப்பு மருத்துவர்களும் தொண்டு அமைப்புகளும் மத்திய வருவாய்த் துறையை விடாமல் பிடித்துக்கொண்டதில் 2014-ல் சட்டம் திருந்தியது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தரும் ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்ற ஒரே சான்று போதும். வலித்தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பூட்டிய அலமாரியும் அன்றாட இருப்புப் பதிவேடும் வேண்டும். பெரும்பாலும் இடிக்கிற இடம் மருத்துவரின் பயிற்சிதான். முதலில் அதை முடியுங்கள்.

அடுத்தது, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு மார்ஃபின் தேவை என்று மருத்துவமனை எழுதித் தரும் மதிப்பீடு. பலர் வம்பு எதற்கென்று 500 மாத்திரை என எழுதிவிட்டு நடுவில் தவிப்பார்கள். கணக்கு எளிது: ஒருவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. என்றால் நாளுக்கு 60 மி.கி. ஒருவருக்குச் சராசரி 90 நாள், ஆண்டில் 10 நோயாளிகள் என்றால்: 54 கிராம், அதாவது 10 மி.கி. மாத்திரை 5,400. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும். ஒரு மாத இருப்பைக் கூடுதலாகக் கேளுங்கள்.

இந்த எண்ணைச் சும்மா நிரப்பக் கூடாது. 1961-ம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தன் மருத்துவத் தேவையை வியன்னாவில் உள்ள பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். இங்கே அதைச் செய்வது குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையர் அலுவலகம். ஊரூராகக் குறைத்து எழுதினால் நாட்டுக்கே தேவை குறைவு என்றாகிவிடும்.

நோயாளிக்காக மாத்திரை எடுத்துப் போகிறவர் மருந்துச்சீட்டையும் கூடவே வைத்திருக்கட்டும். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் கேட்டால் காட்டலாம். மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் மலச்சிக்கலில் தவித்து, வலி மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

நோயாளி இறந்தபின் மீந்த மாத்திரையை அடுத்த வீட்டு நோயாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணி, மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் குடும்பத்தாரின் கையெழுத்தோடு ஏற்றச் சொல்லுங்கள்.