கடலூருக்குக் கார் கம்பெனி ஏன் வரவில்லை?

கேள்வி: ஆசிரியர் ஐயா, வியட்நாம் கார் கம்பெனி தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. கடலூரில் ஷிப்காட் இருக்கிறது, ரயில் இருக்கிறது, துறைமுகமும் இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனி வரவில்லை? வந்தால் மாவட்டமே நிமிர்ந்துவிடாதா? 'ஃபோர்டு மாதிரி மூடிவிட்டுப் போவான்' என்று சிலர் பயமுறுத்துவது சரியா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், வராது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஆண்டுக்கு 3 லட்சம் கார் செய்யும் ஆலை என்று வையுங்கள். வருஷத்துக்கு 300 நாள், நாளுக்கு இரண்டு ஷிப்ட். 58 நொடிக்கு ஒரு கார் லைனை விட்டு இறங்கியாக வேண்டும். அந்த லைனுக்கு சீட் எப்படி வருகிறது? பெயின்ட் ஷாப்பிலிருந்து பாடி வெளியே வந்த பிறகுதான், அடுத்த வண்டிக்குத் துணி சீட்டா, லெதர் சீட்டா, என்ன நிறம் என்று சீட் கம்பெனிக்குத் தகவல் போகும். அதே வரிசையில் அடுக்கி, இரண்டொரு மணி நேரத்தில் லைன் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு லாரியில் 40 காருக்கான சீட் ஏறுகிறதென்றால் அந்த லாரி லோடுக்கு ஆயுள் 40 நிமிஷம் கூட இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் பரனூர் டோல்கேட்டில் லாரி மாட்டிக்கொண்டால் ஆலையில் லைன் நின்றுவிடும். நின்ற நிமிஷத்துக்கெல்லாம் சப்ளையர் தலையில் அபராதம்.

சீட், பம்பர், டாஷ்போர்டு, பெட்ரோல் டேங்க் எல்லாம் பாதிக்கு மேல் காற்றை ஏற்றிக்கொண்டு போகிற சாமான்கள். அவற்றைச் செய்கிறவன் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அந்தக் கூட்டம் ஹூண்டாய் 1998ல் சான்ட்ரோவை இறக்கியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதை விட்டுவிட்டு 150 கி.மீ. வாக்கில் தள்ளி வந்து தனியாக உட்கார யாருக்கும் பைத்தியமில்லை.

தூத்துக்குடிக்கு மட்டும் எப்படி என்பீர்கள். 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையின் ஆரம்ப அளவு ஆண்டுக்கு 50,000 கார். வியட்நாமிலிருந்து கன்டெய்னரில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவதில் தொடங்கியிருக்கிறார்கள். முழுக் காராக இறக்கினால் வரி பொதுவாக 70 சதவீதத்தில் ஆரம்பித்து நூறுக்கு மேலும் போகும். பூட்டாத பாகங்களாக இறக்கினால் 15. அப்படித் தொடங்குகிறவனுக்கு முதல் தேவை கன்டெய்னர் துறைமுகம். அது தூத்துக்குடியில் இருக்கிறது. நம் முதுநகர் காலங்காலமாக நங்கூரத் துறைமுகம். கப்பல் நடுக்கடலில் நிற்கும், படகு போய்ச் சரக்கை எடுத்து வரும். யூரியாவுக்கு அது சரி. காரை ஓட்டியே ஏற்றுகிற கப்பலுக்கு அணையக் கரை வேண்டும். அதற்கு எண்ணூரும் சென்னையும் இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி: வந்தால் நிமிருமா? 'இத்தனை ஆயிரம் கோடி முதலீடு' என்று பேப்பரில் வருவது ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. பல வருஷத்தில், கட்டம் கட்டமாக, சந்தை நன்றாக இருந்தால் வரும். வந்த பணம் திரும்பிப் போகிற வழிகளும் உண்டு: லாபப் பங்கு, ராயல்டி (தொழில்நுட்பத்துக்கும் பெயருக்கும் தாய்க் கம்பெனிக்குக் கட்டுகிற தொகை), தாய்க் கம்பெனியிடமிருந்தே வாங்குகிற பாகங்களின் விலை. ராயல்டிக்கு இருந்த உச்சவரம்பை மத்திய அரசு 2009லேயே எடுத்துவிட்டது. விற்பனையில் 3.5 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால், ஆலை வாசலில் 8 லட்சத்துக்குப் போகிற காருக்கு 28,000 ரூபாய், லாபமோ நஷ்டமோ, போய்விடும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா ரூ.27,800 கோடிக்கு மேல் பங்கு வெளியிட்டதே, அதில் புதுப் பங்கு ஒன்றுகூட இல்லை. தாய்க் கம்பெனி தன் பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது. பணம் கொரியாவுக்குப் போனது. இதில் தப்பு எதுவும் இல்லை, சட்டப்படியான வியாபாரம். 'பங்கு வெளியீடு வந்தது, இனி விரிவாக்கம்தான்' என்று குதித்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

வரி வருமானம் மாநிலத்துக்கு வருமே என்பீர்கள். 2017 ஜூலைக்கு முன் ஓரளவு அப்படித்தான். ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி, கார் ஓடுகிற ஊருக்கு. ஒரகடத்தில் செய்து டெல்லியில் விற்ற காரின் மாநில வரிப் பங்கு டெல்லிக்கு. அதனால்தான் சலுகையையும் மூலதன மானியம், விற்றுமுதல் மானியம் என்று வேறு உருவத்தில் கொடுக்கிறார்கள். விற்பனை வரி விலக்கை நம்பி வளர்ந்த புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பேட்டைகளைப் போய்ப் பாருங்கள், சலுகை முடிந்ததும் பூட்டிய கேட்டுகள் எத்தனை என்று.

இத்தனைக்கும் பிறகு உள்ளூருக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: காரில் எத்தனை பாகம் இங்கே செய்யப்படுகிறது என்பது. 1982ல் சுசுகி 26 சதவீதப் பங்கோடு மாருதிக்குள் வந்தபோது பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கூடவே வந்தது. இன்றைய உதிரிபாகத் தொழிலின் வேர் அது. 1997ல் மற்ற கம்பெனிகளுக்கும் மூன்று வருஷத்தில் 50 சதவீதம், ஐந்து வருஷத்தில் 70 சதவீதம் என்று நிபந்தனை போட்டார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2001ல் ஜெயித்தன, நிபந்தனை போனது. 2024ல் மின்சாரக் கார் திட்டத்தில் அதுவே வேறு வேஷத்தில் வந்தது: 4,150 கோடி போடு, மூன்று வருஷத்தில் 25, ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதம் இங்கே செய், ஆண்டுக்கு 8,000 கார் வரை 15 சதவீத வரியில் இறக்கிக்கொள். அன்று கட்டாயம், இன்று தூண்டில்.

இனி ஃபோர்டு. 1995ல் மஹிந்திராவோடு சேர்ந்து வந்தவர்கள், 2021 செப்டம்பரில் மூடுகிறோம் என்றார்கள். மறைமலைநகரில் கடைசிக் கார் 2022 ஜூலையில் இறங்கியது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். மறைமலைநகர், குஜராத்தின் சனந்த் இரண்டு ஆலையிலும் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சம் வண்டி செய்யும் திறன். பெரும்பகுதி சும்மா கிடந்தது. ஆகவே பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அடி யாருக்கு விழுந்தது என்று அவர்களும் சொல்வதில்லை. நிரந்தரத் தொழிலாளி போராடி இழப்பீடு வாங்க ஒரு வழி இருந்தது. பாகம் செய்கிற சின்னப் பட்டறைக்காரனுக்கு அதுவும் இல்லை.

அவன் கதை இப்படி. ஒரு பாகத்துக்கு டை, அதாவது அதை அடித்தெடுக்கிற இரும்பு அச்சு, செய்ய 60 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். கார் கம்பெனி அதை ரொக்கமாகத் தராது. '1 லட்சம் பீஸ் எடுப்போம், பீஸுக்கு 60 ரூபாய் சேர்த்து பில் போட்டுக்கொள்' என்று சொல்லும். பேங்கில் கடன் வாங்கி டை செய்வான். 300 பீஸ் ஓட்டிக் காட்டி, 'பாகம் சரி, உற்பத்தி தொடங்கலாம்' என்கிற பி.பி.ஏ.பி. கையெழுத்தும் வாங்கிவிடுவான். கைக்கு வருகிற பர்ச்சேஸ் ஆர்டரைப் பார்த்தால் விலை இருக்கும், எண்ணிக்கை இருக்காது. அதற்குப் பேர் ஓப்பன் ஆர்டர். மாதாமாதம் ஷெட்யூல் என்று ஒரு தாள் வரும், அது வெறும் மதிப்பீடு. 30,000 பீஸோடு மாடல் நின்றால் வந்தது 18 லட்சம். மீதி 42 லட்சமும் வட்டியும் அவன் தலையில். அந்த டையில் வேறு யாருக்கும் எதுவும் அடிக்க முடியாது, கிலோ விலைக்குப் பழைய இரும்பு. ஃபோர்டு மறுபடி வருகிறது, 2025 அக்டோபரில் ரூ.3,250 கோடிக்கு என்ஜின் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, உற்பத்தி 2029ல். அதுவரை பேங்க்காரன் காத்திருப்பானா?

கடலூர்க்காரருக்கு இதில் வேலை இருக்கிறது. சின்னதாக, கனமாக, ஒரு லாரியில் ஒரு வாரத்துக்கானது ஏறுகிற பாகங்களை இங்கிருந்தே அனுப்பலாம்: ஃபோர்ஜிங், ஸ்பிரிங், போல்ட், ரப்பர் புஷ். நம் ஷிப்காட் கெமிக்கல்காரர்களுக்கு சீலன்ட், கூலன்ட், பெயின்டுக்கான மூலப்பொருள். உப்புக் காற்றை மட்டும் மறக்கக் கூடாது. ஐப்பசி மழையில் மெஷின் செய்த பாகத்தை ஓர் இரவு திறந்து வைத்தால், கைவிரல் பட்ட இடமெல்லாம் காலையில் தேன் நிறத் துரு. துரு தடுப்பு எண்ணெயில் முக்கி, துரு பிடிக்காமல் காக்கிற வி.சி.ஐ. பையில் அன்றன்றே கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு பீஸுக்காக மொத்த லாட்டும் திரும்பி வரும், இரண்டு பக்க லாரி வாடகையும் நம் கணக்கில்.

ஆர்டர் பேசப் போகும்போது உத்யம் பதிவு (சிறு தொழில் என்பதற்கான மத்திய அரசுப் பதிவு) கையில் இருக்கட்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் பிடி வந்திருக்கிறது: சின்ன உற்பத்தியாளருக்குத் தாமதித்த தொகையை, கொடுக்கும்வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் ஆர்டரில் ஒரு வரி கேளுங்கள்: 'சொன்ன எண்ணிக்கைக்கு முன் மாடல் நின்றால், டையின் கழியாத பாக்கியை 60 நாளில் தருவோம்.' எழுத மாட்டோம் என்றால் டையை அவர்கள் காசிலேயே செய்து தரச் சொல்லுங்கள். நாம் பீஸ் அடித்துக் கொடுக்கலாம்.