பெட்ரோல் பிரஷர் கேஜ்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

கேள்வி: பழைய 1.5 வீடெக் ஹோண்டா சிட்டியில் டர்போ ஏற்றியிருக்கிறேன். பம்ப் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக வாங்கியது, மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் உண்டு. ஃப்யூல் ரெயிலிலிருந்து (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் குழாய்) ஒரு நைலான் ட்யூபை உள்ளே இழுத்து, டேஷ்போர்டில் மெக்கானிக்கல் கேஜ் வைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். விலையும் குறைவு. வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மெக்கானிக்கல் கேஜ் என்றால் அதன் முதுகு வரை பெட்ரோல் வந்து நிற்கும். உள்ளே இருக்கும் வளைந்த பித்தளைக் குழாயை அந்த அழுத்தம் விரிக்க, அதுதான் முள்ளை நகர்த்துகிறது. உங்கள் லைனில் 43 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால் 58. டேஷ்போர்டு தகட்டில் உரசி ட்யூபில் ஊசி நுழையும் அளவு துளை விழுந்தால் போதும்; பெட்ரோல் சொட்டாது, பனிபோல் பீய்ச்சும். பக்கத்திலேயே இக்னிஷன் ஸ்விட்ச், ஃப்யூஸ் பெட்டி, உங்கள் முழங்கால். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வும், ஓட்டுநர் அறைக்குள் இப்படிக் கேஜ் வைத்தால் ஐசோலேட்டர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஐசோலேட்டர் என்பது நடுவே ரப்பர் திரை வைத்த சின்ன டப்பா. பெட்ரோல் பானெட்டுக்குள்ளேயே நின்றுவிடும், திரைக்கு இந்தப் பக்கம் கூலண்ட் அழுத்தத்தைக் கடத்தும். ஆனால் அதில் காற்றில்லாமல் நிரப்புவது தனி வேலை.

எலெக்ட்ரிக் கேஜ் வாங்குங்கள். சென்சார் பானெட்டுக்குள் இருக்கும், உள்ளே ஒயர் மட்டும் வரும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 0 முதல் 100 பிஎஸ்ஐ அளவு, 5 வோல்ட்டில் ஓடும் மூன்று ஒயர் சென்சார், 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல். இந்த வகைக்கு ஒரு வோல்ட் 25 பிஎஸ்ஐ. அதாவது 43.5 பிஎஸ்ஐயில் சிக்னல் ஒயரில் 2.24 வோல்ட் வர வேண்டும். கேஜ் மேல் சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை வைத்து அங்கேயே சரிபார்த்துவிடலாம். ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. ஹோஸ் நுனியில் மாட்டினாலோ, மரையில் டேப் சுற்றினாலோ எர்த் கெட்டு அளவு தாறுமாறாகும். சென்சார் தனியாகக் கிடைக்குமா என்றும் கடையில் கேளுங்கள். முதலில் பழுதாவது அதுதான்.

கேள்வி: சென்சாரை ரெயிலில் நேராகத் திருகிவிடலாமா? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்: நேராகத் திருக வேண்டாம். நீளமான, கனமான சென்சார் பித்தளை அடாப்டரின் நுனியில் தொங்கிக்கொண்டு எஞ்சினோடு அதிர்ந்தால், சில மாதங்களில் அடாப்டரின் கழுத்தில் மயிரிழை விரிசல் விடும். ரெயிலிலிருந்து 30 முதல் 45 செ.மீ. நீளத்துக்கு மைனஸ் 4 அளவு (ஏறக்குறைய கால் அங்குலம்), பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்குழாய் கொண்ட பின்னல் ஹோஸ் எடுத்து, மறுநுனியில் சென்சாரை வைத்து, ஃபயர்வாலிலோ ஸ்ட்ரட் டவரிலோ ரப்பர் வைத்த பி-கிளிப்பால் பிடியுங்கள். டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டிலிருந்தும் ஒரு சாணாவது தள்ளியே இருக்கட்டும். அந்த ஹோஸில் பெட்ரோல் ஓடாமல் தேங்கி நிற்பதால் அளவு குறையாது, அழுத்தம் ஒன்றுதான்.

எந்த இடத்தில் பிரிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஃபில்டருக்கு முன்னால் எடுத்தால், ஃபில்டர் அடைத்துக்கொண்டு இன்ஜெக்டர் பட்டினி கிடக்கும்போதும் கேஜ் நல்ல அளவையே காட்டும். ரெகுலேட்டரைத் தாண்டி ரிட்டர்ன் லைனில் எடுத்தால் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஃபில்டருக்குப் பின்னால், ரெகுலேட்டருக்கு முன்னால், முடிந்தவரை ரெயிலிலேயே எடுங்கள். உங்கள் ரெகுலேட்டரிலேயே கேஜுக்கென்று 1/8 அங்குலத் துளை ஒன்று மூடி போட்டு இருக்கும். அது ரெயில் பக்கத்து அழுத்தம்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வேலை தொடங்குமுன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். பம்ப் ஃப்யூஸை உருவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் தானாக நின்றபின் இன்னும் நாலைந்து வினாடி செல்ஃப் அடித்து, லைனில் மிச்சமுள்ள அழுத்தத்தையும் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடி, பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிரிக்கும் இடத்துக்கு அடியில் துணி வையுங்கள். எப்படியும் ஒரு கைப்பிடி பெட்ரோல் வரும்.

1/8 மரையைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரில் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. ரெகுலேட்டர் அலுமினியம், அதற்குமேல் முறுக்கினால் விரிசல் விட்டுவிடும். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். நுனியில் பிய்ந்த நூல் இன்ஜெக்டரின் சல்லடையில் போய் உட்கார்ந்தால், ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைந்து சூடேறும். கேஜில் அது தெரியவே தெரியாது. பெட்ரோல் தாங்கும் திரவ சீலண்டை, முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். மைனஸ் 4 ஹோஸின் கூம்பு முனைக்குச் சீலண்டே வேண்டாம். நடுத்துளை வழியே பெட்ரோல் ஓடும் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் இருபக்க வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் ஃப்யூஸையும் பேட்டரியையும் சேர்த்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பம்ப் சுமார் இரண்டு வினாடி ஓடி நிற்கும். இப்படி நாலைந்து முறை. டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் ஈரமாகப் படரும். அதற்குப் பிறகே ஸ்டார்ட். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் அதே சோதனை இன்னொரு முறை.

கேள்வி: ஜப்பான் கேஜ் செட் ஒன்று வாங்கினேன். அடாப்டர் உள்ளூரில் வாங்கியது. இரண்டிலும் 1/8 என்றுதான் இருக்கிறது, ஆனால் இரண்டு சுற்றிலேயே இறுகிவிடுகிறது, கசியவும் செய்கிறது. சீலண்ட் கூடுதலாகப் போடட்டுமா?

பதில்: மரை வேறு. அமெரிக்க என்பிடி 1/8க்கு ஓர் அங்குலத்தில் 27 மரை, கோணம் 60 டிகிரி. ஜப்பான் பிடி, அதாவது பிஎஸ்பிடி 1/8க்கு 28 மரை, கோணம் 55. தொடக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. சீலண்டால் கொஞ்ச நாள் அடைபட்டு, சூடும் அதிர்வும் சேர்ந்ததும் திறந்துகொள்ளும். அடாப்டரை மாற்றுங்கள். ஏற்கெனவே முறுக்கிய துளையின் மரை நசுங்கியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஹோஸிலும் இதே கவனம் தேவை. கடையில் வெறுமனே 'பெட்ரோல் ட்யூப்' என்று கேட்டால் கார்புரேட்டர் வண்டிக்கான ட்யூப் கையில் வரும். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று அச்சிட்டிருந்தால் அது 50 பிஎஸ்ஐ வரைதான். இன்ஜெக்ஷனுக்கு ஆர்9 என்று இருக்க வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், எழுத்தே இல்லாத ரப்பரை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது.

கேள்வி: டிஸ்ப்ளேயை ஏ-பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) வைப்பதா, நடு ஏசி வென்ட்டிலா?

பதில்: கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஏ-பில்லரைத் தொடாதீர்கள். பை விரியும் வழியில் கேஜ் கிண்ணம் நின்றால் பையும் தடைபடும், கேஜும் பறக்கும். பயணி ஏர்பேக் மூடியின் மேலும் அப்படியே. ஸ்டீரிங்குக்குப் பக்கத்து வென்ட்டோ மீட்டர் குடையின் ஓரமோ நல்லது. முழு ஆக்சிலரேட்டரில் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஓரப்பார்வையிலேயே படிக்க முடிய வேண்டும். முள் கேஜாக இருந்தால், முழு பூஸ்ட்டில் வர வேண்டிய அளவில் முள் நேர் மேலே, 12 மணி நிலையில் நிற்கும்படி கேஜையே சுழற்றி மாட்டுங்கள். எண்களைப் படிக்க வேண்டியதில்லை, முள் சாய்ந்தால் காலை எடுத்துவிடலாம். பூஸ்ட் கேஜ் இதற்கு ஒட்டியே இருக்கட்டும். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஐடிலில் 35, பூஸ்ட் 1 பாரில் 44 காட்டுகிறது. அளவு ஏறத்தானே செய்கிறது, சரிதானே?

பதில்: சரியில்லை, உடனே பூஸ்ட் அடிப்பதை நிறுத்துங்கள். இன்டேக்கிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் வேக்யூம் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, ஐடிலில் பார்க்கும் அளவுதான் அடிப்படை. பெரும்பாலும் 43.5 பிஎஸ்ஐ, அதாவது 3 பார். ஹோஸை மாட்டினால் வேக்யூம் இழுப்பதால் 8 முதல் 10 குறையும். உங்கள் 35 அதுதான். பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோலும் ஒரு பிஎஸ்ஐ ஏற வேண்டும். 1 பார் பூஸ்ட்டில் 58 வர வேண்டியது 44தான் என்றால், இன்ஜெக்டர் வாயில் எதிர்த்து நிற்கும் 14.5ஐக் கழித்து மிஞ்சுவது 29.5 மட்டுமே. பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் ஏறக்குறைய 18 சதவீதம் குறைகிறது. பிஸ்டன் உருக இது போதும்.

முதலில் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைப் பாருங்கள்: பிளந்திருக்கலாம், பூஸ்ட்டில் கழன்றுகொள்ளலாம், ஒன்-வே வால்வுக்குத் தப்பான பக்கத்திலிருந்து எடுத்திருக்கலாம். ஹோஸுக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. அங்கே எல்லாம் சரியாக இருந்து, தொடக்கத்தில் ஏறி உயர் ஆர்பிஎம்மில் மட்டும் சாய்ந்தால் பெட்ரோல் வரத்துதான் போதவில்லை. பம்பைக் குறை சொல்லும் முன் ஃபில்டரை மாற்றி, லோடில் பம்ப் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.5 இருந்து பம்பில் 11.5 வந்தால், கம்பெனி ஒயர் தாங்கவில்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வைத்துத் தடித்த ஒயர் போடுங்கள். மாறாக, ரெகுலேட்டரை எவ்வளவு தளர்த்தியும் அடிப்படை அளவு இறங்கவில்லை என்றால், பெரிய பம்ப் தள்ளுவதைச் சின்ன ரிட்டர்ன் லைன் விழுங்க முடியவில்லை என்று பொருள்.

எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். 32க்குக் கீழே எரியும்படி வைத்திருந்தால், உங்கள் 44இல் அது எரியவே எரியாது.

கேள்வி: ரெயிலில் திரவம் நிரப்பிய சின்ன கேஜ் இருக்கிறது. காலையில் 43, வண்டி சூடானதும் 39. ரெகுலேட்டரைத் திருகட்டுமா?

பதில்: கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிளிசரின் சூட்டில் விரிந்து, மூடிய கேஜுக்குள் அழுத்தம் சேர்கிறது. அந்த அளவுக்கு முள் குறைத்துக் காட்டுகிறது. மேலே ரப்பர் அடைப்பு இருந்தால் லேசாக நெம்பி மூச்சு விடுங்கள், முள் பழைய இடத்துக்கு வந்தால் அதுதான் காரணம். அடைப்பு இல்லாத கேஜ் என்றால் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் நம்புங்கள்.

கேள்வி: போலோ ஜிடி டிஎஸ்ஐக்கும் இதே கேஜ் போடலாமா?

பதில்: கூடாது. அது டைரக்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. ரெயிலில் இருப்பது பிஎஸ்ஐ கணக்கில் ஆயிரத்தைத் தாண்டும் அழுத்தம். 100 பிஎஸ்ஐ சென்சார் சிதறிவிடும், அந்த இரும்பு லைனைப் பிரிப்பதே அபாயம். ரெயில் சென்சார் கம்பெனியிலேயே இருப்பதால் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியைப் படிக்கும் சாக்கெட்) மாட்டும் டிஸ்ப்ளே வாங்கினால் அந்த அளவைக் காட்டும். டேங்க் பம்ப் பலவீனமா என்று பார்க்கத்தான் வேண்டுமென்றால், ஹை பிரஷர் பம்புக்கு முன்னால் இருக்கும் லோ பிரஷர் லைனில் மட்டும் டி வடிவ இணைப்பு போட்டுச் சென்சார் வைக்கலாம்.